டிகாஷன் நிறம்

பிரபாகரின் தொழில் பாசியைக் கொல்வது. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன கம்பெனி. நீச்சல் குளம், அடுக்குமாடித் தொட்டி, ஓட்டல் வாசலில் இருக்கும் நீரூற்று என்று எங்கே தண்ணீர் பச்சையாகிறதோ அங்கே அது ஆள் அனுப்பும். அனுப்பப்படுகிற ஆள் இவன். முன்பெல்லாம் சித்திரை, வைகாசியில்தான் வேலை குவியும். இப்போது மார்கழியிலேயே கூப்பிடுகிறார்கள். பாசியை அடக்கி வைக்கிற அளவுக்குக் குளிர் வருவதில்லை. அவனுக்கு அதில் வருத்தம் கிடையாது. வேலை நடக்கிறது.

அன்றைக்கு தி.நகரில் ஒரு மொட்டைமாடிக் குளம். மே மாத வெயில் காலை ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ரகுபதி குடையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார்.

"என்னப்பா, போன மாசம்தானே மருந்து போட்டே? மறுபடி பச்சையா நிக்குது."

"குளத்துக்குதான் சார் மருந்து போட்டேன். வெயிலுக்கும் ஒரு மருந்து வாங்கிக் குடுங்க, அதையும் போட்டுடறேன்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல."

குளோரின் வாளியைக் கீழே வைத்தபோது போன் அடித்தது. ரத்னா.

"பிரபா, ரூம் ஏசி மெஷின் போச்சுடா. ரெண்டு நாளா ஓடல. டிகாஷன் தாங்கமாட்டான். உடனே வா."

ரத்னா நந்தனத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவி. ஒரு காலத்தில் அதே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இவனும் அவளும் ஒரே ஸ்டூலுக்குச் சண்டை போட்டவர்கள். அவள் முனைவர் பட்டம் வாங்கினாள். இவன் பாதியில் விட்டுவிட்டு ஒரு கால் சென்டரில் ராத்திரி வேலைக்குப் போனான். அதில் கதை ஒன்றும் இல்லை. வீட்டில் சோறு வேண்டியிருந்தது, போனான்.

டிகாஷன் என்பது ஆள் பெயர் இல்லை. அது ஒரு பாசி.

பாசி என்றால் பச்சை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பழுப்பிலும் உண்டு. டயாட்டம் என்கிற வகை, கண்ணுக்குத் தெரியாத அளவில், தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொண்டு வாழும். கடலில் மீன்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் முதல் சோறு பெரும்பாலும் அதுதான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு துளித் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மட்டும் தங்க நிறச் சரக்கோடு கண்ணாடிப் படகுகள் மெதுவாக நகர்வதைப் பார்க்கலாம்.

இவர்களுடைய டிகாஷன் அடையாற்றிலிருந்து வந்தவன். இரண்டாயிரத்து ஒன்று, தை மாதம். ஆறு கடலில் கலக்கிற இடத்தில், உடைந்த பாலத்துக்குக் கீழே, விடிந்தும் விடியாத நேரத்தில் இரண்டு பேரும் சேற்றில் இறங்கினார்கள். தண்ணீரில் கால் வைத்தால் சுருக்கென்று ஏறும். ரத்னா வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் கரண்டியால் சேற்றின் மேல் படர்ந்திருந்த தங்கப் பழுப்புப் படலத்தை வழித்தாள். கட்டுமரத்தில் வந்த பட்டினப்பாக்கத்து மீனவன் மாசிலாமணி அதைப் பார்த்துவிட்டு, "படிச்சவங்கோ சேத்த வாரிகினு போறாங்கோ, பார்றா" என்று அலைக்கு அப்பால் கேட்கிற மாதிரி கத்தினான். கத்தினாலும், இவர்கள் கேட்டபடி ஆழத்திலிருந்து ஒரு கேன் சுத்தமான கடல்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மாதா மாதம் கொடுத்தான்.

சாக்கடை நாற்றம் அப்போதும் இருந்தது. அந்த ஆறு பன்னீராக ஓடியதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் தை மாதத்தில் குளிர்ந்தது. அந்தக் குளிரில் அந்தச் சேற்றில் அந்தப் பழுப்பு வந்தது.

வழித்த சேற்றில் ஆயிரம் உயிர். அதிலிருந்து ஒரே ஒரு செல்லைப் பிரித்து எடுக்கவேண்டும். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இழுத்தால் தலைமயிர் மாதிரி மெலிந்து வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே அந்த முனையால் ஒன்றை மட்டும் உறிஞ்சிச் சுத்தமான துளியில் விடவேண்டும். மறுபடி உறிஞ்சவேண்டும், மறுபடி விடவேண்டும். மூச்சு விட்டால் கை ஆடும். அந்த வேலைக்குத் துறையில் பிரபாகரின் கைதான் கை. பேராசிரியர்களே தங்கள் பாசியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வரிசையில் நின்றார்கள். வாரக்கணக்கில் செத்துச் செத்துப் போய், ஒருநாள் காலை ஒரு குடுவையின் அடியில் பழுப்பு தெரிந்தது. ரத்னா கேன்டீனுக்கு ஓடி ஒரு டம்ளரில் டிகாஷன் வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நிறம். பெயர் அப்படித்தான் விழுந்தது.

கல்லூரியில் பாசிகளுக்கென்று ஒரு அறை. இருபது டிகிரிக் குளிர், சுவர் முழுக்க டியூப்லைட், அலமாரி முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள். மயிலாப்பூர் குளத்துப் பச்சை, செங்கல்பட்டு வயல் நீலப்பச்சை, கடல் பழுப்புகள். வளர்ப்பு முறை எளிது. மாதம் ஒருமுறை நன்றாக இருக்கிற குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குழாயில் விடவேண்டும். கிளம்பிப் போகிற அன்றைக்கு பிரபாகர் ரத்னாவிடம் சொன்னான்: "நிறம் பாத்து எடு. டிகாஷன் மாதிரி இருந்தா அதுலருந்து மாத்து. பால் ஊத்துன மாதிரி வெளுத்துப்போச்சுன்னா தூக்கிப் போட்டுடு."

அவன் போனான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரத்னா எப்போதாவது கூப்பிடுவாள். பிள்ளை, மாமியார், ஊர்வம்பு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "டிகாஷன் நல்லா இருக்கான்" என்பாள். "இருக்கட்டும், நமக்கு இன்னா" என்று இவன் போனை வைப்பான். அவன் செய்ததில் உருப்படியான ஒரே காரியம் அந்தக் குழாய்க்குள் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ரகுபதியின் குளத்தை அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்தான்.

*

அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது வெக்கை. அந்த அறையை அவன் குளிராகத்தான் ஞாபகம் வைத்திருந்தான். சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்ற இடம் அது.

"புது மெஷின் வாங்கித் தரமாட்டாங்களாம்" என்றாள் ரத்னா. தலை பாதி நரைத்திருந்தது. பேச்சு மட்டும் அதே வேகம். "ரூமையே மூடறாங்க. கேரளாவுல ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. உயிரோட, சுத்தமா, வேற எதுவும் கலக்காம இருக்கறதை மட்டும் எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஜூன் கடைசியில ஆள் வருது."

அலமாரியைப் பார்த்தான். பச்சைக் குழாய்கள் அசையாமல் நின்றன. நீலப்பச்சைகளுக்குக் கொண்டாட்டம், குழாய் கொள்ளாமல் பஞ்சு மூடி வரை ஏறியிருந்தன. பழுப்பு வரிசை மட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்புக்கு நடுவில் ஒரே ஒரு குழாய், திக்கான டிகாஷன் நிறத்தில்.

"அட! நம்மாளு நிக்கறான் பாரு" என்றான் பிரபாகர். "எல்லாம் புட்டுக்கிச்சு, இவன் மட்டும் சும்மா கும்முனு கீறான். அடையாத்து சரக்குன்னா சும்மாவா?"

ரத்னா சிரித்தாள். "உன்னை மாதிரி தடித்தோல்."

சந்தோஷத்தில்தான் மைக்ராஸ்கோப்பைக் கேட்டான். ஒரு சொட்டு வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"என்னடா?"

"இது அவன் இல்ல."

"விளையாடாதே. கண்ணாடியப் போட்டுப் பாரு."

"போட்டும் பாத்தாச்சு. நூல் நூலா ஓடுது. இது நீலப்பச்சை வகை, ரத்னா. பழுப்பு கலர்ல வர்ற ஜாதி. நம்ம ஆளோட ஓடு மட்டும் கிடக்கு. உள்ள யாரும் இல்ல."

ரத்னா அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். பழுப்பு நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு மெதுவாக ஆடின. இடையிடையே கண்ணாடி ஓடுகள், குடி காலி செய்த வீடுகள் மாதிரி. அவள் வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கோபம் அவன் மேல் வந்தது.

"மாசா மாசம் மாத்தினேன்டா. பிரசவத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் வயித்தைத் தூக்கிண்டு வந்து மாத்தினேன். வெள்ளத்தப்போ முழங்கால் தண்ணியில வந்தேன். நீ பாதியில விட்டுட்டுப் போனவன். இப்ப வந்து அவன் இல்லைன்றே."

"நான் சொன்னா இருக்கறது இல்லாம போயிடுமா? மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்கவே இல்லியா?"

"முதல்ல எல்லாம் பாத்தேன். அப்புறம் வகுப்பு, கமிட்டி, தலைவி நாற்காலி... நிறம் பாத்தா போதும்னு இருந்துட்டேன். நிறம் பாத்து எடுன்னு சொன்னது யாரு?"

பிரபாகர் அந்தப் பழுப்புக் குழாயை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

வாசலில் நின்ற பெண் உள்ளே வந்தாள். உம்மே ஹானி, ரத்னாவிடம் ஆய்வு செய்கிறவள். இப்போதெல்லாம் குழாய் மாற்றுவது அவள்தான்.

"அந்த ரூல் சாரோடதா? எங்க சீனியர் சொன்னாங்க. அவங்களுக்கு அவங்க சீனியர் சொன்னாங்களாம். டிகாஷன்னா எடு, பால்னா போடு." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் பிரபாகரா? சாரி சார், நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரியாது."

"பரவால்லம்மா. எனக்கே அப்பப்பதான் தெரியும்."

நடந்தது இதுதான். உட்கார்ந்து யோசித்தால் புரிகிற விஷயம். மெஷின் பழசாகப் பழசாக அறையை இருபதில் வைக்க முடியவில்லை. இருபத்திரண்டில் வைத்தார்கள். அப்புறம் இருபத்து நாலு, இருபத்தேழு. ஒவ்வொரு தடவையும், ஒரு டிகிரி ரெண்டு டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். எதுவும் ஆகவில்லை, அன்றைக்கு. டயாட்டம் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. எங்கிருந்தோ காற்றில் வந்து விழுந்த பழுப்பு நூலுக்கு அந்தச் சூடு சுகமாக இருந்தது. ரூல் தெரிந்த பிள்ளைகள் ரூல்படி நடந்தார்கள். நல்ல நிறமாக இருந்த திருடனைப் புதுக் குழாய்க்கு மாற்றினார்கள். வெளுத்துப்போன வீட்டுக்காரனை மாதா மாதம் தூக்கிப் போட்டார்கள்.

யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. எல்லாரும் ஒழுங்காகத்தான் கொன்றார்கள்.

பிரபாகர் சட்டென்று எழுந்தான். "ஹானி, வெளுத்ததெல்லாம் எங்கே போடுவே?"

"கழுவற பக்கெட்ல சார். மூடியோட அப்படியே."

"இந்த மாசம் போட்டது?"

"அதுவும் அங்கதான்."

"ப்ளீச்சிங் ஊத்திட்டியா?"

"இல்ல சார். ரெண்டு நாளா தண்ணி வரல. லாரியும் வரல."

சென்னையில் தண்ணீர் வராததால் ஒரு நல்லது நடந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூலையில் இருந்த சிவப்பு பக்கெட்டிலிருந்து குழாய்களை மூன்று பேருமாகத் தரையில் பரப்பினார்கள். துறைத் தலைவி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வெளுத்த குழாயிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு. காலி ஓடு. காலி ஓடு. நூல். மறுபடி காலி ஓடு. மதியச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. பக்கெட் தீரப்போகிற நேரத்தில், பால்கூட இல்லை, வெறும் தண்ணீர் என்று சொல்லத்தக்க ஒரு குழாயை பிரபாகர் வைத்துப் பார்த்தான். ஓட்டுக் குப்பைக்கு நடுவே ஒன்று நகர்ந்தது. உள்ளே இரண்டு தங்கத் தகடு, மங்கலாக. நின்றது. யோசித்த மாதிரி இருந்தது. மறுபடி நகர்ந்தது.

"இருக்கான்" என்றான்.

*

ஆனால் அந்தக் குழாயிலும் நூல் இருந்தது. இன்னும் சில நாள் விட்டால் இதையும் விழுங்கிவிடும். இரண்டாயிரத்து ஒன்றில் செய்ததையே மறுபடி செய்யவேண்டும். தனிச் செல்லாகப் பொறுக்கவேண்டும். அதற்குக் குளிரான இடம் வேண்டும், நல்ல கடல்தண்ணீர் வேண்டும். இடத்துக்கு ரத்னா பொறுப்பு: அபிராமபுரத்தில் அவள் வீட்டுப் படுக்கையறையில் ஏசி இருந்தது. மைக்ராஸ்கோப்பையும், ஐஸ்தண்ணீர் ஊற்றிய காபி ஃபிளாஸ்க்கில் வைத்த குழாயையும் எடுத்துக்கொண்டு அவள் ஆட்டோவில் போனாள். தண்ணீருக்கு இவன் பட்டினப்பாக்கம் போனான்.

மாசிலாமணி படகோடு கடலில் இருந்தான். கரையில் அவன் மனைவி அந்தோணியம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேனைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா சார், உயிரோடதான் கீறியா? அப்பவும் தண்ணி தண்ணின்னு வந்த, இப்பவும் கேன தூக்கினு வந்துகீற. ஒரு நாளாச்சும் மீனு வாங்குனியா நீ?"

"அடுத்த வாட்டி வாங்கறேன்க்கா."

"இத்தயேதான் அப்பவும் சொன்ன."

"கடல் எப்டிக்கா கீது?"

"தோ பாக்கறியே. வெந்நி மாரி கீது. ஒரு வருசம் பச்சப் பசேல்னு கஞ்சி மாரி வந்து நிக்கிது, வலையில கொழகொழன்னு ஒட்டிக்கிது, நாத்தம் தாங்கல. அப்பால இன்னொரு வாட்டி ராவுல நீலமா மின்னுதுன்னு சொல்லிகினு தி.நகரு, அண்ணா நகருன்னு ஊருபட்ட காரு. அம்மாம் பேரும் போன தூக்கிப் புடிச்சிகினு நின்னானுங்க. அயகா கீதாம். எனுக்கு இன்னா அயகு? அது வந்தா மீனு ஓடிப்பூடுது. எதுவோ ஒண்ணு தெனம் புச்சு புச்சா வருது சார். வர வேண்டியதுதான் வர மாட்டங்குது."

"இதுங்கூட பாசிதான்க்கா, மின்னுறது."

"அதுவுமா? போ சார். உன் பாசியில நெருப்ப வெக்க." சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக் கையைத் தட்டிக் கத்தினாள். மாசிலாமணியின் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. "யோவ், சேத்துக்காரரு வந்துகீறாரு! தண்ணி வோணுமாம்!"

மாசிலாமணி படகைத் திருப்பிக்கொண்டு மறுபடி அலையைத் தாண்டிப் போனான். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னாலும் கேட்டதில்லை. பிரபாகர் மணலில் நின்று தெற்கே பார்த்தான். உடைந்த பாலம் அப்படியே உடைந்து நின்றது. அதன் கீழே ஒரு பையனும் ஒரு பெண்ணும் கரண்டியோடு குனிந்திருக்கிற மாதிரி தோன்றியது. வெயிலுக்கு அப்படித் தோன்றும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேனை வாங்கிக்கொண்டான்.

*

"வாங்கோ பிரபாகர்" என்று கதவைத் திறந்தார் ரத்னாவின் கணவர் ஸ்ரீகிருஷ்ணா. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் பிறந்து, அபிராமபுரத்தைத் தாண்டிக் குடி போகாதவர். "சாம்பார் வெக்கற குக்கர்ல சமுத்திரத்தை வேகவெக்கப் போறாளாம் உங்க ஃப்ரெண்டு. உப்பு போடணுமான்னு கேட்டேன், முறைச்சா."

கடல்தண்ணீரை வடிகட்டிக் குக்கரில் கொதிக்கவைத்து ஆறவைத்தார்கள். படுக்கையறை மேஜையில் மைக்ராஸ்கோப். ஏசி இருபதில். ரத்னா கண்ணாடிக் குழாயை அடுப்பில் காட்டி இழுத்துக் கொடுத்தாள். முனை மயிர் மாதிரி வந்தது. பிரபாகர் வாங்கிக்கொண்டு குனிந்தான்.

கை ஆடியது.

குளோரினில் வெடித்த விரல்கள். வயது வேறு. முதல் முனை கண்ணாடியில் இடித்து உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. மூன்றாவதில் செல்லை உறிஞ்சிவிட்டான். துளியில் விட்டபோது கூடவே ஒரு நூலும் வந்து விழுந்தது. கண்ணில் வியர்வை இறங்கியது, அந்தக் குளிரிலும்.

"நான் பாக்கட்டுமா?" என்றாள் ரத்னா.

"உனக்கு எந்தக் காலத்துல வந்துது இது?"

"உனக்கு மட்டும் இப்ப வருதாக்கும்."

"இன்னொண்ணு இழுத்துக் குடு. மெல்லிசா இழு. நீ இழுக்கறது தேர்வடம் மாதிரி கீது."

அவள் இழுத்தாள். அவன் உடைத்தான். இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். பழைய ஆய்வுக்கூடத்தில் எப்படித் திட்டிக்கொண்டார்களோ அதே வார்த்தைகள். நடுவில் அவனுக்கு மறந்துபோன ஒன்று ஞாபகம் வந்தது: முழங்கையை மேஜையில் ஊன்றக்கூடாது, விலாவோடு ஒட்டிக்கொள்ளவேண்டும், மூச்சை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை இழுப்பதற்கு முந்தின இடைவெளியில் எடுக்கவேண்டும். கை ஆட்டம் நிற்கவில்லை. ஆட்டத்துக்கு நடுவே ஒரு நிதானம் கிடைத்தது. வெளியே இருட்டி வெகுநேரமானபோது சில கிண்ணங்களில் ஒற்றைச் செல்கள் இருந்தன. இருந்தன என்பது நம்பிக்கைதான். கண்ணுக்குத் தெரிந்தது வெறும் தண்ணீர்.

அதற்கப்புறம் காத்திருந்தார்கள். அக்னி நட்சத்திரம் முழுக்க அந்த அறையில் ஏசி ஓடியது. ஸ்ரீகிருஷ்ணா கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். "எங்காத்துல பாசிக்கு ஏசி, ஆம்படையானுக்கு விசிறி" என்று பால்காரரிடம் சொன்னார், காய்கறிக்காரியிடம் சொன்னார், கோயிலில் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஆனால் மின்சாரம் போனபோதெல்லாம் அவர்தான் ஈரத்துணியைக் கிண்ணங்களைச் சுற்றிப் போட்டுவிட்டு விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிரபாகர் வேலை முடிந்ததும் வருவான். ஒரு கிண்ணத்தில் நூல் கிளம்பியது, கொட்டினார்கள். இன்னொன்று கலங்கி நாறியது. மற்றவை தெளிந்த தண்ணீராகவே நின்றன. ரத்னா வந்து பார்ப்பாள், போவாள். ஒருநாள் வராந்தாவில் நின்றுகொண்டு கேட்டாள்: "வரலைன்னா என்னடா பண்றது?"

"வரலைன்னா வரல. கேரளாக்காரனுக்குப் பச்சையெல்லாம் குடுத்து அனுப்பு."

"உனக்கு?"

"எனக்கு இன்னா. நாளைக்கு அடையாறுல ரெண்டு குளம் கீது."

அன்றைக்கு அவன் தெருமுனை வரை போய், பைக்கை நிறுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஜூன் நடுவில் ஒரு காலை ஸ்ரீகிருஷ்ணா கூப்பிட்டார். "பிரபாகர், ரத்னா காலேஜுக்குப் போயாச்சு. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு கிண்ணத்துல, அடியில, காபிப்பொடி கொட்டினாப்ல என்னமோ இருக்கு. பூச்சியோ என்னவோ. தொடைச்சுடட்டுமா?"

"சார்! கைய வெச்சீங்கன்னா கொலை விழும்!"

சைதாப்பேட்டை சிக்னலில் அவன் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதியது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பொடி மாதிரிதான் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து வைத்தான். கண்ணாடிப் படகுகள். நூல் இல்லை, வேறெதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு தங்கத் தகடு, பளிச்சென்று. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன, ரங்கநாதன் தெரு மாதிரி. ரத்னா வந்து சேரும் வரை அவன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வந்து அவனைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஸ்ரீகிருஷ்ணா என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேருக்கும் காபி போட்டார்.

*

கேரளாவிலிருந்து வந்தவர் பிரசாத். முப்பது வயதிருக்கும். ஐஸ்பெட்டியோடு வந்தார், நேராக வேலையைப் பார்த்தார். கல்லூரியில் பச்சைகளை எடுத்துக்கொண்டு, கடைசியாக அபிராமபுரம் வந்தார். கிண்ணத்திலிருந்து மாற்றி வைத்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. யார் பிரிச்சது?"

"இவர்தான்" என்றாள் ரத்னா.

"எந்த இன்ஸ்டிட்யூட் சார்?"

"ஈக்காட்டுத்தாங்கல்" என்றான் பிரபாகர்.

பிரசாத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். "எங்கேருந்து எடுத்தது?"

"அடையாறு முகத்துவாரம்."

"இப்பவும் அங்க கிடைக்குமா? இது செத்துப்போனா மறுபடி எடுக்கலாமா?"

"நாலஞ்சு வருஷமா தை மாசம் தை மாசம் பசங்களுக்குக் காட்ட அழைச்சுண்டு போய்த் தேடறேன்" என்றாள் ரத்னா. "கிடைக்கல. வேற என்னென்னமோ இருக்கு. இவன் இல்ல."

"அப்ப ஜாக்கிரதையா வெச்சுக்கறோம். எங்ககிட்ட பதினெட்டு டிகிரி, ரெண்டு ஜெனரேட்டர்."

"அங்க வளர்த்து, திரும்ப இந்த ஆத்துல கொண்டாந்து விட்டா?" பிரபாகர் கேட்டான். பதில் அவனுக்கே தெரியும். கேட்டுவிட்டான்.

பிரசாத் எழுதுவதை நிறுத்தினார். "விடலாம் சார். இருக்காது."

மயிலாப்பூரிலும் அபிராமபுரத்திலும் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் வெளிநாடு போயிருக்கிறார்கள். பிழைக்கிற இடம் பார்த்துப் போய், அங்கேயே இருக்கிறார்கள். வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் ஏர்போர்ட்டில் ஊறுகாய் பாட்டிலைக் கையில் கொடுக்கிறார்கள். பிரபாகருக்குக் கொடுக்க எதுவும் இல்லை. மாசிலாமணியின் தண்ணீர் கேனில் பாதி மீதி இருந்தது. அதைக் காட்டினான்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க. முதல் ரெண்டு மாசம் இதுல வைங்க. பழகினது."

"எங்ககிட்ட கடல்தண்ணி இருக்கு சார்."

"இருக்கும். இதையும் எடுத்துட்டுப் போங்க."

பிரசாத் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேனை வாங்கிக்கொண்டார்.

ஐஸ்பெட்டியை மூடுவதற்கு முன் ரத்னா ஒரு குழாயை வெளியே எடுத்து பிரபாகரிடம் நீட்டினாள். "ஒண்ணு நீ வெச்சுக்கோடா."

"எங்கே வெக்கறது? மொட்டமாடிக்குக் கீழ்வீடு. மே மாசத்துல நானே வெளுத்துப் போறேன்."

"இங்கேயே வேணா..."

"சார் எத்தினி நாளைக்குக் கூடத்துல படுப்பாரு?"

"நான் பழகிண்டேன்" என்றார் ஸ்ரீகிருஷ்ணா. பிரபாகர் குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பார்த்தான். பிறகு தானே பெட்டிக்குள் வைத்து, தானே மூடியை அழுத்தினான்.

ஆட்டோ தெருவைத் தாண்டும் சத்தம் கேட்டு அடங்கியது. படுக்கையறையில் மேஜை காலியாக இருந்தது. ஏசி யாருக்கென்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீகிருஷ்ணா தலையணையை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. ரத்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபாகர் மேஜையிலிருந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினான். மெஷின் ஒருமுறை செருமிவிட்டு நின்றது.

அறை உடனே சூடாகிவிடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை மூன்று பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.